நார்கோலெப்சி உள்ளவர் மதியம் எத்தனை கரண்டி சோறு சாப்பிடலாம்?

"பகலெல்லாம் கண்ணு சொருகுது" என்று நாட்டு மருந்துக் கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் கைக்கு வருவது அமுக்கரா சூரணம். "ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்டீங்க, அதான் அசதி. பால்ல கலந்து குடிங்க" என்பார்கள். சாதாரண அசதிக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். நார்கோலெப்சி, அதாவது பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் மூளை நோய், உள்ளவர் அதைக் காலையில் குடித்தால், ஏற்கெனவே சரிகிற வண்டியை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும். அமுக்கராவின் தாவரவியல் பெயரில் இருக்கும் 'சோம்னிஃபெரா' என்ற சொல்லுக்கே தூக்கம் தருவது என்றுதான் பொருள்.

எனவே ஒரு பொருள் இயற்கையானதா என்பதோடு கேள்வியை நிறுத்திவிடக் கூடாது. அது தூக்கத்தின் பக்கம் தள்ளுமா, விழிப்பின் பக்கம் தள்ளுமா, எத்தனை மணிக்குத் தள்ளும்? சோறு, காபி, கஷாயம், எண்ணெய்க் குளியல் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. ஒரெக்சின் என்பது ஒரு குழு வைத்த பெயர், மற்ற குழு வைத்த பெயர் ஹைப்போக்ரெடின். விழிப்பைச் சாயாமல் தாங்கும் முட்டுக்கொம்பு இதுதான். முதல் வகை நார்கோலெப்சியில் இந்த அணுக்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. அதனால்தான் பகலில் அடக்க முடியாத தூக்கம். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து விழுகிற கேட்டாப்ளெக்சியும் இதனால்தான். விழித்த பிறகும் உடம்பை அசைக்க முடியாமல் கிடப்பதை நம்ம பக்கம் அமுக்குவான் பேய் என்பார்கள், அதுவும் இதன் அறிகுறிகளில் ஒன்று. இத்தனைக்கும் இரவுத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். இரண்டாம் வகையில் கேட்டாப்ளெக்சி இருக்காது. அழிந்த அணுக்களை எந்தக் கீரையும் எந்த லேகியமும் திரும்பக் கொண்டுவராது. இதை முதலில் மனசுக்குள் ஏற்றிக்கொண்டால்தான் சாப்பாட்டால் கிடைக்கக்கூடிய பலன் கிடைக்கும். அது சின்னப் பலனும் இல்லை. மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை காணாமல் போகிற நேரத்தில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பகல் தூக்கத்துக்கு நம்ம ஊரில் முதல் காரணங்கள் வேறு: ரத்தச்சோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைவு, குறட்டையோடு வரும் மூச்சுத் தடை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச், பி12, ஹெச்பிஏ1சி ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் மேலே போகணும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்தால் இரவில் கால் குடைச்சல் வரலாம். நார்கோலெப்சியோடு கால் குடைச்சலும் சேர்ந்தே வருவது உண்டு. ஏற்கெனவே உடைந்த இரவுத் தூக்கத்தை அது மேலும் உடைக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி குடிக்கக் கூடாது. குடித்தால் மாத்திரை உடம்பில் சேர்வது குறையும்.

சரி, சோறு.

'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்பது பழமொழி. நார்கோலெப்சி உள்ளவருக்கு அந்த மயக்கம் பல மடங்கு. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது ஒரெக்சின் அணுக்கள் அடங்குவதையும், புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் அவற்றைத் தூண்டுவதையும் எலி மூளைத் திசுவில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மிச்சம் இருக்கிற கொஞ்ச அணுக்களையும் சோற்று மூட்டையால் அமுக்க வேண்டாம்.

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று இலையில் மூன்று முறை சோறு விழுந்தால் 400 கிராம் சாதாரணமாக உள்ளே போய்விடும். அதாவது 110 கிராம் மாவுச்சத்து, ஒரே வேளையில். சோறு அதிகமாவதற்குக் காரணம் பசியைவிட இந்த மூன்று சுற்று வழக்கம்தான். ஆகவே சோறு ஒரு சுற்றோடு நிற்கட்டும். குழம்புக்கு மட்டும் சோறு, ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. மதியச் சோறு 120இலிருந்து 150 கிராமுக்குள் இருக்கட்டும். வீட்டுக் கரண்டியை ஒரு தடவை தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். கரண்டிக்குக் கரண்டி 60 கிராமிலிருந்து 100 கிராம் வரை மாறும். உங்கள் வீட்டுக் கரண்டிக்கு ஒன்றரையா இரண்டா என்று தெரிந்துவிட்டால், அப்புறம் தினமும் தராசு தேவையில்லை.

குறைத்த சோற்றின் இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சோற்றை மட்டும் குறைத்துவிட்டுச் சும்மா இருந்தால் நாலு மணிக்குப் பசி கொளுத்தும். டீக்கடையில் இரண்டு பஜ்ஜி, ஒரு பன், சர்க்கரை போட்ட டீ என்று மதியம் மிச்சம் பிடித்ததெல்லாம் சாயங்காலம் உள்ளே போய்விடும். எனவே புரதத்தை முதலில் கூட்டுங்கள், பிறகு சோற்றைக் குறையுங்கள். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி எதுவானாலும் 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் கிடைக்கும். வறுவலைவிடக் குழம்பு நல்லது. எண்ணெய் மிகுந்த சாப்பாடு வயிற்றில் நெடுநேரம் தங்கி அதுவும் மந்தத்தைக் கொடுக்கும். சைவக்காரர்களுக்கு வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் என்றால் 13, 14 கிராம் புரதம் வரும். ஆனால் அதிலேயே 40 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது, சோற்றை அதற்கேற்பக் குறைக்கணும். பனீர் 100 கிராமில் சுமார் 18 கிராம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். ஒரு கைப்பிடி மல்லாட்டை (நிலக்கடலை), அதாவது 30 கிராம், 7 கிராமுக்கு மேல் தரும்.

சாப்பிடும் வரிசைக்கும் பலன் உண்டு. பொரியலும் மீனும் முதலில், சோறு கடைசியில் என்று சாப்பிட்டால் அதே அளவுச் சோற்றுக்கும் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். சாப்பிட்டு எழுந்ததும் பத்து நிமிடம் நடங்கள், வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் போதும்.

வாரம் ஒரு கரண்டி என்று படிப்படியாகக் குறையுங்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் தலைவலியும் எரிச்சலும் வரும், நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்குத்தானே கணக்கிட்டது. சர்க்கரை தாழ்ந்து மயங்கினால், நோய்த் தூக்கம் என்று நினைத்து வீட்டில் அப்படியே விட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

காலைக்கு இட்லி கெடுதல் இல்லை. நாலு இட்லியும் வெறும் சட்னியும் என்பதுதான் சிக்கல். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார், இரண்டு முட்டை என்று மாற்றுங்கள். இன்னும் நல்லது அடை. புழுங்கலரிசி 75 கிராம், கடலைப்பருப்பு 75, துவரம்பருப்பு 75, பாசிப்பருப்பு 40, உளுந்து 35. மூன்று மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய் நாலு, பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கணும். நைசாக அரைத்தால் அடையும் தோசை மாதிரி சீக்கிரம் செரித்துவிடும். புளிக்க விடத் தேவையில்லை. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி கிள்ளிப் போட்டால் பத்து அடை வரும், ஒன்றுக்கு சுமார் 5 கிராம் புரதம். இரண்டு அடை, ஒரு முட்டை சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும்.

"சிறுதானியத்துக்கு மாறிட்டேன், அப்பவும் தூக்கம் வருதே" என்ற குறையை அடிக்கடி கேட்கலாம். கேழ்வரகு, கம்பு, சாமை எல்லாவற்றிலும் சமைக்காத 100 கிராமுக்கு 60இலிருந்து 70 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது, சமைக்காத அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சி, ஒரு சொம்பு மடமடவென்று குடித்தால் அது வேகமாகத்தான் ரத்தத்தில் ஏறும். ஆடி மாதக் கூழை விடச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் கூழ், மோர், சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு என்றால் நல்ல சாப்பாடுதான். சொம்பு சொம்பாகக் குடித்தால்தான் வம்பு. தயிர்ச்சோறு தூங்க வைக்கும் என்பதிலும் குற்றவாளி தயிர் இல்லை, குழைந்த சோறு.

மாவுச்சத்தை மிகவும் குறைத்த கீட்டோ உணவை அமெரிக்காவில் 2004இல் வெளியான ஒரு ஆய்வில் ஒன்பது பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்க அறிகுறிகள் மிதமாகக் குறைந்தன. ஒன்பது பேரை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது. மீனும் முட்டையும் சாப்பிடுகிறவர், மருத்துவர் பார்வையில் இரண்டு மாதம் முயன்று பார்க்கலாம். சைவ வீட்டில் அதைக் கடைப்பிடிப்பது மிகக் கடினம், என் கருத்தில் தேவையும் இல்லை. மதிய மாவுச்சத்தை 110இலிருந்து 50க்குக் கொண்டுவருவதிலேயே பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியும். எல்லா நார்கோலெப்சிக்காரரும் கோதுமையை விடணும் என்று பரவும் பேச்சுக்கு நம்பும்படியான ஆதாரம் கிடையாது.

பண்ருட்டிப் பலாப்பழக் காலத்தில் ஒரு எச்சரிக்கை. 100 கிராம் சுளையில் 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. சாப்பாட்டுக்கு மேல் பத்துச் சுளை என்பதை விட்டு, சாயங்காலம் மூன்று நாலு சுளையோடு நிறுத்துங்கள். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குள் முடியட்டும். இந்த நோயில் நடுராத்திரி எழுந்து இனிப்பைத் தேடும் பழக்கம் பலருக்கு உண்டு. எடை கூடுவதும் இந்த நோயோடு வருவதுதான், அதை யாரும் சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுதக் கூடாது. எட்டிய இடத்தில் இனிப்புக்குப் பதில் வறுத்த மல்லாட்டையோ பொட்டுக்கடலையோ இருக்கட்டும். மதுவை அறவே விடுங்கள். முதலில் தூங்க வைத்து, பின்னிரவுத் தூக்கத்தை உடைக்கும். மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது.

காபிக்கு வருவோம். ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில், டிகாஷன் கெட்டியைப் பொறுத்து, 60இலிருந்து 100 மில்லிகிராம் கஃபீன் இருக்கலாம். சிக்கரி கூடக் கூடக் கஃபீன் குறையும். கசப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் எல்லை. விழிப்பு மாத்திரை எடுப்பவர்கள் அதில் பாதியோடு நிற்பது நல்லது, இல்லாவிட்டால் படபடப்பு வரும். கஃபீன் வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். பாதி அளவு உடம்பை விட்டு இறங்க ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். பகலில் சமாளிக்கக் குடித்த சாயங்காலக் காபி இரவைக் கெடுக்கும், கெட்ட இரவு மறுநாளைக் கெடுக்கும். இன்னொன்று சர்க்கரை. கடை டீயில் இரண்டு ஸ்பூன் என்றால் 8, 10 கிராம். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பவருக்கு 50 கிராம் சர்க்கரை கணக்கில் வராமலே போகிறது. சர்க்கரை இல்லாமல் பழக இரண்டு வாரம் போதும்.

மூலிகைகளை எடுத்துக்கொண்டால், ஜாதிக்காய், கசகசா, அமுக்கரா மூன்றும் தூக்கத்தின் பக்கம். வல்லாரைக்கும் மந்தப்படுத்தும் குணம் உண்டு. கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுவதில் பயமில்லை, மாத்திரையாகவும் சூரணமாகவும் மாதக்கணக்கில் சாப்பிடுவது வேறு. அமுக்கராவும் வல்லாரையும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அமுக்கரா தைராய்டு அளவையும் மாற்றும். மிளகும் திப்பிலியும் விழிப்பைத் தரும் என்று திரிகடுகச் சூரணம் கொடுப்பார்கள். ரசத்தில் போடும் மிளகால் ஒன்றும் ஆகாது. சூரணமாகத் தினமும் எடுத்தால், மிளகில் உள்ள பைப்பரின், மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தைக் குறைக்கும், ரத்தத்தில் மாத்திரையின் அளவு கூடிவிடும். அதிமதுரம் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். விழிப்பு மாத்திரையான மோடஃபினில், கேட்டாப்ளெக்சி மாத்திரையான வென்லாஃபாக்சின் இரண்டும் தாமாகவே அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியவை. அவற்றோடு அதிமதுரம் சேரக் கூடாது. சுக்கு மல்லிக் காபி பாதுகாப்பானது, நாலு மணிக் காபிக்கு நல்ல மாற்று. ஆனால் அதில் கஃபீன் இல்லை, தூக்கம் கலையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, கஷாயம் தொடங்குகிறோம் என்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது. கேட்டாப்ளெக்சிக்காகக் கொடுக்கும் வென்லாஃபாக்சினைத் திடீரென்று நிறுத்தினால் விழுவது பல மடங்காகத் திரும்பும். சில சமயம் மணிக்கணக்கில் தொடர்ந்து வரும். சித்த மருத்துவரிடம் போவதானால் இந்த மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் சூரணங்களின் பெயரைச் சொல்லுங்கள். மோடஃபினிலைக் காலையில் எழுந்ததும் போடுவதுதான் முறை. சாப்பாட்டோடு போட்டால் பலன் குறையாது, தொடங்க சுமார் ஒரு மணி நேரம் தாமதமாகும். பாதி இறங்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆவதால், மறந்துவிட்டோம் என்று மதியத்துக்கு மேல் போடக் கூடாது. அது கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை. பெண்கள் இதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேட்கணும். உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

மருந்துக்கு அடுத்தபடி பலன் தருவது குட்டித் தூக்கம்தான், செலவும் இல்லை. 15இலிருந்து 20 நிமிடம், அலாரத்தோடு, தூக்கம் வருவதற்கு முன்னாலேயே, தினமும் அதே நேரத்தில். ஒரு மணி வாக்கில் ஒன்று, நாலரைக்கு ஒன்று. புதுச்சேரியில் பழைய கடைகள் மதியம் ஷட்டரை இறக்குவது இந்த நோய்க்காரருக்கு வரப்பிரசாதம். கடையில் வேலை பார்ப்பவர் அந்த இடைவெளியை முழுக்கத் தூங்கித் தீர்க்காமல் 20 நிமிடத்தோடு எழணும். ஒரு மணி நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்பும் கிறக்கம் அடுத்த ஒரு மணியையும் தின்றுவிடும். சிப்காட்டிலும் நெய்வேலியிலும் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு என்ன சாப்பிட்டாலும் நைட் ஷிப்ட் எல்லாவற்றையும் கலைத்துவிடும். மருத்துவச் சான்றிதழ் வாங்கி நிரந்தரப் பகல் ஷிப்ட் கேட்பதுதான் வழி.

காலை வெளிச்சத்துக்கு நம்ம கடற்கரைகள் கிழக்கு பார்த்தவை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வாகனம் கிடையாது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும் விடிகாலையில் நல்ல வெளிச்சம் கிடைக்கும். அரை மணி நேரம் நடந்தால் உடம்பின் கடிகாரம் நேராக நிற்கும். எண்ணெய்க் குளியல் அன்று பகலில் தூங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். வெந்நீரில் சூடான உடம்பு குளிரத் தொடங்கும்போது தூக்கம் வருவது இயல்பு, இவர்களுக்கு அதைத் தடுக்கவும் முடியாது. பரீட்சை, பயணம், வண்டி ஓட்டும் நாள்களில் எண்ணெய்க் குளியல் வேண்டாம்.

எது உங்களுக்குப் பலிக்கிறது என்று தெரிய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எழுந்த நேரம், மதியச் சோறு எத்தனை கரண்டி, காபி எத்தனை மணிக்கு, மாத்திரை நேரம், இரண்டரை மணிக்குத் தூக்கம் பத்துக்கு எத்தனை, சிரித்து விழுந்தது எத்தனை தடவை. இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சோறு, காபி, சூரணம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் என்று சொல்ல முடியாது. ஜிப்மருக்கோ வேறு நரம்பியல் மருத்துவரிடமோ போகும்போது இந்த நோட்டைக் கொண்டுபோங்கள். நோயை உறுதிசெய்ய, இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனை, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என நாலைந்து முறை படுக்க வைத்து எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று பார்ப்பார்கள். சராசரி எட்டு நிமிடமோ அதற்குள்ளோ இருந்து, இரண்டு தடவையாவது கனவுத் தூக்கம் உடனே வந்தால் நார்கோலெப்சி. தூக்கத்தை மாற்றும் மருந்தும் சூரணமும் இந்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும், எத்தனை நாள் முன்னால் எதை நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்லணும்.

சமையல் நேரத்தையும் மாற்றுங்கள். இந்த நோயில் கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே மனசு தூங்கிவிடும். வெங்காயம் நறுக்கிய கை நறுக்கிக்கொண்டே இருக்கும். அரிவாள்மணை வேண்டாம், கத்தியும் பலகையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் வறுப்பதும் வடை சுடுவதும் குட்டித் தூக்கம் முடிந்த கையோடு, வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும். குழம்பு வைத்தால் போனில் ஐந்து நிமிட அலாரம். சிரிப்பு வருகிற பேச்சை அடுப்படியில் வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். கடலில் தனியாக இறங்கவே கூடாது, முழங்கால் தண்ணீர்தானே என்றாலும் கூடாது.